பெயர் மறைத்த ஒருவரும் பெயர் சுமத்தப்பட்ட பலரும்

தியான வாசிப்பு: உபாகமம் 19:15–20



உலகச் செய்திகளை வாசிக்கிறவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே தலைப்பை மறுபடியும் காண்கிறார்கள். பிட்காயினை உருவாக்கியவர் யார் என்பது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாம். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பெயர் வருகிறது, சில வாரங்கள் ஆரவாரம் எழுகிறது, பின்பு அடங்கிப்போகிறது. பிட்காயினில் பணம் போடலாமா என்பது இன்றைய தியானத்தின் பொருள் அன்று. அந்தத் தேடலில் சிக்கிய மனிதருக்கு நேர்ந்தது என்ன, ஒன்பதாம் கட்டளை அங்கே எவ்வளவு எளிதாக மறக்கப்பட்டது என்பதைச் சிந்திக்கவே உங்களை அழைக்கிறேன்.

முதலில் செய்தியைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். 2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் ஒருவர், மறையீட்டுக் கலையில் தேர்ந்தவர்கள் அடங்கிய மின்னஞ்சல் குழுவின் பார்வைக்கு ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வைத்தார். வங்கி நடுவில் நில்லாமல் ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வழியை அது விளக்கியது. 2009 ஜனவரி 3 அன்று அந்தப் பணத்தின் முதல் பதிவு உருவானது. தத்தளிக்கும் வங்கிகளுக்கு அரசு மறுபடியும் கைகொடுக்கவிருந்ததைப் பற்றிய லண்டன் டைம்ஸ் நாளிதழின் அன்றைய தலைப்பு அதனுள் பொதித்து வைக்கப்பட்டிருந்தது. 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் நாணயங்கள் உருவாகாதபடி விதியும் எழுதப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உடனிருந்து உழைத்த அவர், 2010 டிசம்பருக்குப்பின் பொதுவில் எழுதுவதை நிறுத்தினார். 2011 ஏப்ரலுக்குப்பின் உடன் உழைத்தவர்களுக்கு அவர் எழுதிய மடல்களும் நின்றுபோயின. அவர் ஆணா பெண்ணா, ஒருவரா ஒரு குழுவா என்பதையும் உலகம் அறியாது.

தொடக்க நாட்களில் அவர் ஈட்டியதாகக் கணிக்கப்படும் சுமார் 10 லட்சம் பிட்காயின்கள் தொடப்படாமலே கிடக்கின்றன. 2024 டிசம்பரில் ஒரு பிட்காயினின் விலை 1 லட்சம் டாலரைக் கடந்தது. அந்தக் கணக்கில் அது 10,000 கோடி டாலர். இத்தனை பெரிய செல்வம் யாருடையது என்று அறிய உலகம் துடிப்பதில் வியப்பில்லை. அந்தத் துடிப்பின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

2011-இல் நியூயார்க்கர் இதழின் செய்தியாளர் ஒருவர் இந்தத் தேடலில் இறங்கியபோது, அயர்லாந்தில் மறையீட்டுக் கலை பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவர்மேல் உலகத்தின் பார்வை விழுந்தது. அவர் மறுத்தார். 2014 மார்ச் மாதம் நியூஸ்வீக் இதழ், கலிபோர்னியாவின் டெம்பிள் சிட்டியில் வசித்த அறுபது வயது கடந்த ஒரு பொறியாளரைத் தன் அட்டைக் கட்டுரையில் உலகத்துக்குக் காட்டியது. ஜப்பானிலிருந்து குடியேறிய அவருடைய குடும்பப் பெயர் நகமோட்டோ என்பதும், இயற்பெயரில் சதோஷி என்பதும் இருந்தது பெரிய ஆதாரமாய்ப் பேசப்பட்டது. அவருடைய முழுப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. ஒரே நாளில் அவர் வாசலில் செய்தியாளர் கூட்டம் நிறைந்தது. அவர் காரில் புறப்பட்டபோது பல வண்டிகள் நகரத்தின் ஊடே அவரைத் துரத்தின. தம் மகன் சொல்லும்வரை அந்தப் பணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று அவர் சொன்னார். பல ஆண்டுகள் மௌனமாயிருந்த நகமோட்டோவின் பழைய இணையக் கணக்கிலிருந்தும், தாம் அந்த மனிதர் அல்ல என்னும் ஒரு வரி வந்தது. அதுவும் எல்லாருடைய சந்தேகத்தையும் தீர்க்கவில்லை.

2024 அக்டோபரில் ஹெச்பிஓ நிறுவனத்தின் ஆவணப்படம் ஒன்று கனடா நாட்டு மென்பொருள் வல்லுநர் ஒருவரைச் சுட்டியது. அவரும் மறுத்தார். பெருஞ்செல்வம் உடையவர் என்று பேர் பரவினால் கொள்ளையரும் கடத்துகிறவரும் தேடி வருவார்கள் என்றஞ்சி அவர் மறைந்து வாழ நேர்ந்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. பிட்காயினை முதன்முதலாகப் பெற்றவரான ஹால் ஃபின்னி என்பவரை நினைத்துப்பாருங்கள். அவரையும் பலர் நகமோட்டோ என்றே எண்ணினார்கள். அவர் இல்லை என்றார். உடலின் தசைகளெல்லாம் செயலிழக்கும் கொடிய நோயில் அவர் படுத்திருந்தபோது, முகம் தெரியாத ஒருவன் 1,000 பிட்காயின் கேட்டு மிரட்டினான். அவர் வீட்டில் கொலை நடந்ததாகப் பொய்ச்செய்தி சொல்லிக் காவல்துறையின் ஆயுதப் படையையும் அங்கே வரவழைத்தான். அசைய முடியாத அந்த மனிதர் வீட்டுக்கு வெளியே கிடத்தப்பட்டுக் காத்திருந்தார். 2014 ஆகஸ்டில் அவர் மரித்தார்.

பிரியமானவர்களே, மோசேயின் நியாயப்பிரமாணம் ஒரு மனிதன்மேல் எதையாகிலும் சுமத்துவதற்கு முன் இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. சாட்சி என்பவன் கண்டவன், கேட்டவன். ஊகிக்கிறவன் சாட்சி அல்ல. ஊகங்கள் பத்து சேர்ந்தாலும் அவை ஒரு சாட்சி ஆவதில்லை. மேலும், பொய்யாய்ச் சாட்சி சொன்னவன், தான் பிறனுக்கு வரவேண்டும் என்று நினைத்த கேட்டைத் தானே ஏற்கவேண்டும் என்று அந்தப் பகுதி கட்டளையிடுகிறது. இன்றைய ஊகங்களில் இந்த இரண்டாம் பாதி இல்லை. இதழ் அடுத்த வாரம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. சுட்டப்பட்டவர் அதே தெருவில், அதே வீட்டில், சுமத்தப்பட்ட பெயரோடு இருக்கிறார்.

இந்த ஊகங்கள் எவற்றின்மேல் கட்டப்படுகின்றன? நகமோட்டோ பிரிட்டிஷ் முறையில் சில சொற்களை எழுதினார். முற்றுப்புள்ளிக்குப்பின் இரண்டு இடம் விட்டார். இன்ன நேரங்களில் எழுதினார், இன்ன நேரங்களில் எழுதவில்லை. இவை குறிப்புகள்தாம், ஆராய்ச்சிக்குப் பயன்படலாம். ஆனால் ஒரு மனிதருடைய பெயரைத் தாங்கும் பலம் இவற்றுக்கு இல்லை. நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில் யோர்தான் துறையில் நின்ற கீலேயாத் மனிதர், ஷிபோலேத் என்னும் ஒரு சொல்லை உச்சரிக்கச் சொல்லி, அந்த ஒலியைக் கொண்டே அங்கு வந்தவன் யாரென்று தீர்த்தார்கள். 42,000 பேர் மாண்டார்கள். ஒரு சகோதரனுடைய நாவின் பழக்கத்தைக்கொண்டு அவனுக்குத் தீர்ப்பெழுதியதை வேதம் வெற்றியாய்க் கொண்டாடவில்லை. இஸ்ரவேல் தன்னைத்தானே அழித்த நாட்களின் கதையாகவே சொல்லுகிறது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நீர்தான் அவர் என்று சொல்லப்பட்டவர் இல்லை என்கிறார். உடனே, உண்மையானவரும் அப்படித்தானே மறுப்பார் என்கிறார்கள். அவர் பேசாதிருந்தால் மௌனம் ஆதாரமாகிறது. கோபித்தால் கோபம் ஆதாரமாகிறது. எந்தப் பதிலும் விடுதலை தராத ஒரு குற்றச்சாட்டுக்குள் அவர் அடைக்கப்படுகிறார். தன்னைக் குற்றமற்றவனென்று காட்ட வழியே விடாத கேள்வி நியாயமான கேள்வி அல்ல.

இத்தனை செல்வமும் செல்வாக்கும் உள்ள ஒன்றை உருவாக்கியவர் யாரென்று அறிவது பொதுநலன் அல்லவா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அந்த 10 லட்சம் நாணயங்கள் ஒரே நாளில் விற்கப்பட்டால் ஏழை எளியவரின் சேமிப்பும் சரியக்கூடும். பத்திரிகைகள் வல்லவர்களை விசாரிப்பது நாட்டுக்கு நன்மையே. ஆனால் விசாரிப்பது வேறு, பெயர் சூட்டுவது வேறு. ஆஸ்திரேலியரான கிரேக் ரைட் என்பவர் 2016-இல் தாமே நகமோட்டோ என்று அறிவித்து, அதன் பேரில் மற்றவர்கள்மேல் வழக்குகளும் தொடுத்தார். 2024-இல் லண்டன் உயர் நீதிமன்றம் பல வாரங்கள் ஆவணங்களைச் சோதித்து, சாட்சிகளைக் கேட்டு, அவர் நகமோட்டோ அல்லர் என்றும், ஆவணங்களைப் பொய்யாய்ப் புனைந்தார் என்றும் தீர்த்தது. உரிமை கோரியவரின் உரிமையைச் சோதிப்பது நீதி. எதையும் கோராமல், இல்லை இல்லை என்று மறுக்கிறவரின் தலையில் ஒரு கிரீடத்தை வைத்து அழுத்துவது நீதி ஆகாது. உரிமை கோரிய ஒருவருக்குக் கிடைத்த பொறுமையான விசாரணை, கோராத அந்த முதியவருக்குக் கிடைக்கவில்லை என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஆக்கியோனை அறியாமலே ஒரு படைப்போடு வாழத் திருச்சபை நெடுங்காலமாகக் கற்றிருக்கிறது. எபிரெயர் நிருபத்தை எழுதியவர் யார்? பவுல் என்றார்கள் பலர். பர்னபா என்றார் தெர்த்துல்லியன். அப்பொல்லோவாக இருக்கலாம் என்றார் லூத்தர். பிரிஸ்கில்லாளாக இருக்கலாம் என்றார் ஜெர்மானிய அறிஞர் ஹார்னாக். அதை உண்மையில் தேவன் ஒருவரே அறிவார் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் சொல்லிவிட்டார். அந்த நிருபத்தின் விசுவாச வீரர் பட்டியல் அதனால் ஒளி குன்றவில்லை. நாம் எழுதியவரின் முகத்தைக் காணவில்லை. அவர் காட்டிய கிறிஸ்துவைக் காண்கிறோம். பிட்காயினை வேதத்தோடு ஒப்பிடுகிறேன் என்று எண்ணவேண்டாம். அறியாமையைத் தாங்கிக்கொள்வதும் ஒரு பக்குவம் என்றே சொல்லுகிறேன்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் 2021-இல் நகமோட்டோவுக்கு ஒரு வெண்கலச் சிலை நிறுவினார்கள். முகம் இருக்கவேண்டிய இடம் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்கிறது. அவர் யார் என்று பார்க்க நெருங்குகிறவன் தன் முகத்தையே அங்கே காண்கிறான். யாக்கோபு சொல்லும் கண்ணாடியின் முன் நிற்பதுபோல நாமும் சற்று நிற்கலாம். ஒருவர் மறைத்த பெயரை அறியத் துடிக்கும்போது நமக்குள் இருப்பது என்ன? உண்மையின்மேல் உள்ள தாகமா, அல்லது, எனக்கு முதலில் தெரியும் என்று சொல்லும் இன்பமா?

இது கலிபோர்னியாவில் மட்டும் நடப்பது அன்று. சபைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தால் என்ன நடக்கிறது? கையெழுத்து இன்னாருடையது போலிருக்கிறது, இந்தச் சொல் இன்னார் வீட்டில் வழங்குவது என்று ஆராதனை முடிந்து வாசல் கடக்குமுன் ஒரு பெயர் முடிவாகிவிடுகிறது. மாலைக்குள் அது வாட்ஸ்அப்பில் பத்து வீடுகளை எட்டுகிறது. மொட்டைக் கடிதம் எழுதிப் பிறனைக் காயப்படுத்துவது பாவந்தான். ஆனால் எழுதாத ஒருவர்மேல் அதைச் சுமத்துவதும் அதே பாவமே. அந்தப் பெயருக்குரியவர் அடுத்த ஞாயிறு எந்த இருக்கையில் தனியாக அமர்ந்தார் என்பதைக் கர்த்தர் காண்கிறார்.

காணிக்கைப் பெட்டியில் பெயரில்லாத உறை ஒன்று விழும்போதும் அப்படியே. குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும் அளவு கொடுத்தவரின் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆகவே, பெயரில்லாமல் கொடுக்கிறவரை நம்மால் நம்பமுடிவதில்லை. அந்தரங்கத்தில் செய்த தருமத்தைப் பிதா பார்க்கிறார் என்று நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்தார். அவர் பார்த்தால் போதும் என்று ஒருவர் விட்டதை, நாமும் பார்த்தாக வேண்டும் என்று கிளறுவானேன்?

ஆகையால் இந்த வாரம் ஓர் ஒழுக்கத்தைக் கைக்கொள்வோம். இன்னார்தான் செய்திருப்பார் என்ற சொல் நாவில் எழும்போது, நான் கண்டேனா என்று நம்மையே கேட்போம். காணவில்லையென்றால் அந்தப் பெயரை ஜெபத்தில் தேவனிடம் சொல்லுவோம், மனிதரிடம் சொல்லாதிருப்போம். ஏற்கெனவே யார்மேலாவது அப்படியொரு பெயர் நம் சபையில் சுமத்தப்பட்டிருந்தால், அவர் பக்கத்தில் போய் அமருவோம்.

நம்மைப் பெயர்சொல்லி அழைத்த தேவன், பிறருடைய பெயரைக் காக்கும் நாவை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.