வன்தட்டு ஏன் பழுதுற்றது?

விழா மலர்ப் பணிகள் தொடங்கியபொழுது மலர்க்குழுவினராகிய நாம் முதற்கண் மேற்கொண்டது, கல்லூரியின் பழைய பதிவேடுகளையும் ஆண்டு மலர்களையும் நிழற்படங்களையும் கணினியில் ஏற்றும் வேலையாகும். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளிக்குத் தப்பியவை சில. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபொழுது அன்பர்களின் வீடுகளிலிருந்து அள்ளுண்டு போகாது எஞ்சியவை சில. கறையான் விட்டுவைத்தவை வேறு சில. ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் தம்பிலுவிலிலும் வாழும் பழைய மாணவர் பலர் தம் வீட்டு அலுமாரிகளைத் திறந்து தந்தவற்றையும் சேர்த்து, ஐந்து மாத உழைப்பின் பயனெல்லாம் உள்ளங்கையளவான ஒரு வன்தட்டில் அடங்கிற்று. படியெடுத்து முடிந்ததும், தொட்டாலே உதிரும் தாள்கள் சிலவற்றை ‘இனி இவை எதற்கு?’ என்று நாமே எரித்துவிட்டோம். இதனை மறைப்பதிற் பயனில்லை.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலை அவ்வன்தட்டைக் கணினியோடு இணைத்தபொழுது, பல்லி சொல்வது போல ‘டிக், டிக்’ என்றோர் ஒலி எழுந்தது. தன்னோடு யாதும் இணைக்கப்படவில்லை என்று கணினி சாதித்தது.

அங்குக் கூடியிருந்தோர் எழுவர். கூறப்பட்ட காரணங்களோ எட்டு. சித்திரை வெயிலின் சூடு என்றார் ஒருவர். கடற்கரையூரின் உப்புக்காற்று இரும்பையே தின்னும், இது எம்மாத்திரம் என்றார் மற்றொருவர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்திலேயே இது நோய்வாய்ப்பட்டிருக்க வேண்டும் என்பது இன்னொருவர் துணிபு. வைரசு என்றும், மலிவுச் சாமான் என்றும், கண்ணூறு என்றுங்கூடக் காரணங்கள் வந்தன. இவ்வாறு வாதம் நடந்துகொண்டிருக்கையில், வன்தட்டைக் கழற்றுவதும் மீண்டும் மாட்டுவதுமாக இருந்தோம். எண்ணிப் பார்த்தால் பத்துத் தடவைக்குக் குறையாது. அச்செயல் நோயாளியை எழுப்பி ஓடவிட்டதற்கு ஒப்பானது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

வன்தட்டு என்பது புதிய பொருளன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் வன்தட்டில் இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அவை அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துக்களே. நம் மூத்த பழைய மாணவர் சிலர் பாலர் வகுப்பில் மணலில் எழுதிய காலம் அது. இன்று அளவு சுருங்கிவிட்டதேயன்றி அமைப்பு பெரிதும் மாறவில்லை. கண்ணாடி போல் மெருகிட்ட தட்டு சுழல்கின்றது. அதன்மேல், தொடாமல், எழுதிப்படிக்கும் தலையொன்று மிதக்கின்றது. மனிதரின் தலைமயிரொன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நனோமீற்றர் எனக் கொள்ளின், அத்தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு சில நனோமீற்றரே. எம்முடையதைப் போன்ற கையடக்க வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்வது வழக்கம். இவ்வேகத்தில் தலை தட்டை உரசினால் நிகழ்வது யாதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அக்கரைப்பற்றிலே கணினி திருத்தும் முஸ்லிம் இளைஞர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். அவர் ஒலியை ஒரேயொரு முறை கேட்டார்; உடனே கம்பியைக் கழற்றினார். “சேர், இனி இதுக்குக் கரண்ட் குடுக்க வேணாம். குடுக்கக் குடுக்க உள்ளுக்குப் போயிரும்” என்றார். எழுவர் கூடியும் எமக்குத் தோன்றாத வழியில் அவருடைய ஆராய்ச்சி நடந்தது. ஒலியே இல்லையாயின் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்திலோ சுற்றுப்பலகையிலோ இருக்கும். வண்டு முரல்வது போல் ஒலித்து நின்றுவிடுமாயின், தலை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அன்றிச் சுழற்றும் மோட்டர் இறுகியிருக்கலாம். ‘டிக், டிக்’ என்பது, தலை தன் வழியைத் தேடிக் காணாது திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே மீளும் ஒலி. ஒழுங்காகச் சுழன்றும் கணினி அதனை அறியவில்லையாயின், இணைப்புக் கம்பியையும் உள்ளிருக்கும் நிரலையும் ஐயுற வேண்டும்.

இக்கடைசி வகைக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் சீகேட் நிறுவனத்தின் ஒருவகை வன்தட்டுகள் உலகெங்கும் திடீரெனச் செத்தவை போலாயின. தட்டு நலம், தலை நலம், உள்ளிருந்த எழுத்துக்களும் நலம். தன்னுள் நிகழ்வனவற்றை வன்தட்டு தானே குறித்துவைக்கும் பதிவேடு, குறித்தவோர் எண்ணில் நிற்கும் வேளையில் மின்சாரம் கொடுக்கப்பட்டால், அது எழுந்திருக்க மறுத்தது. நிறுவனம் நிரலைத் திருத்தி வெளியிட்டது. காரணம் அறியாது அவற்றைக் குப்பையில் எறிந்தவர்கள் தம் பொருள்களை உயிரோடு புதைத்தவராயினர்.

எம்முடைய வன்தட்டிலே சுற்றுப்பலகையின் செப்பு முனைகளிற் பச்சை பூத்திருக்கவில்லை; ஆகவே உப்புக்காற்று விடுவிக்கப்பட்டது. தட்டு சுழன்றதாகையால் மின்சாரத்தின்மேற் பழி சுமத்தவும் இடமில்லை. சூட்டைப் பற்றியோ, கூகிள் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் படித்து வியந்தோம். ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை அவர்கள் கவனித்ததில், மிகுந்த சூட்டிலும் முதிர்ந்த வயதிலுமன்றி, வெப்பத்துக்கும் பழுதுக்கும் பலரும் எண்ணும் தொடர்பு காணப்படவில்லை. சித்திரை மாதத்தின்மீது நாம் சொன்ன பழியையும் மீட்டுக்கொண்டோம்.

கொழும்பிலே தூசு புகாத அறையில் வன்தட்டைத் திறந்து பார்க்கும் நிலையம் ஒன்றுக்கு அது அனுப்பப்பட்டது. மறுமொழிக் கடிதம் சுருக்கமானது. தலைகளுள் ஒன்று வளைந்திருந்தது; தட்டில் வளையமாக ஒரு கீறல் இருந்தது; ஓடிக்கொண்டிருந்த நிலையில் கீழே விழுந்திருக்க வேண்டும்; பின்னர் பலமுறை இயக்கியதாற் கீறல் அகன்றது. மூன்றிலொரு பங்கு மீளவில்லை.

அக்கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்ததும் நாம் கேட்ட வினா ‘யார்?’ என்பதே. எவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வாரங்களின் பின், படியெடுக்கும் வேலையில் உதவிய உயர்தர வகுப்பு மாணவனொருவன் அந்திப்பொழுதில் எம்மில் ஒருவரின் வீட்டுக்கு வந்தான். நடைவழியிற் கிடந்த கம்பி காலில் மாட்டி, வன்தட்டு மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்ததென்றும், எடுத்துப் பார்த்தபொழுது அது இயங்கியதால் ஒன்றும் ஆகவில்லையென எண்ணினானென்றும், அதன்பின் சில படங்கள் திறக்க நெடுநேரம் பிடித்ததென்றும் கூறினான். விழுந்ததற்கும் செத்ததற்கும் இடையே பத்தொன்பது நாள்கள் கழிந்திருந்தன.

அப்பத்தொன்பது நாள்களே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. மேற்சொன்ன கூகிள் ஆய்விலே மற்றொரு செய்தியும் உண்டு. வன்தட்டின் பரப்பைச் சோதிக்கையில் முதற்பிழை காணப்பட்டபின், அறுபது நாள்களுள் அது பழுதுறும் வாய்ப்பு, பிழை காணாதவற்றினும் 39 மடங்கு மிகுதி. அதே ஆய்வு, பழுதுற்றவற்றுள் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு எச்சரிக்கைகளுள் ஒன்றையும் காட்டாமலே மாண்டன என்றும் கூறுகின்றது. எமக்கோ எச்சரிக்கை கிடைத்திருந்தது. அஃது ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் அடைபட்டுக் கிடந்தது. விழுந்த அன்றே அவன் சொல்லியிருந்தால், வேறொரு வன்தட்டில் யாவற்றையும் பெயர்த்தெழுத ஒரு மாலைப்பொழுது போதியதாயிருந்திருக்கும்.

அவன் ஏன் சொல்லவில்லை? இக்கல்லூரியிற் படித்த எவருக்கும் விடை தெரியும். சாளரக் கண்ணாடி உடைந்தால் வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்திப் ‘யார் உடைத்தது?’ என்று கேட்ட பிரம்புக்காலத்திலே வளர்ந்தவர்கள் நாம். கண்ணாடி ஏன் அவ்விடத்தில் உடைந்துகொண்டே இருந்ததென்று எவரும் கேட்டதாக நினைவில்லை. (மைதானத்தின் துடுப்பாட்டக் கோடு அச்சாளரத்தை நேரே நோக்கியிருந்தது.) பிரம்பு போய்விட்டது; வினா போகவில்லை.

தண்டனையின்றிப் பொறுப்புணர்ச்சி வளராது என்று குழுவினுள்ளேயே வாதிட்டோர் உளர். அவர்கள் கருத்தை மதிக்கின்றோம், ஆயினும் உடன்படோம். விமானம் விழுந்து மனிதர் மாளும்பொழுதுகூட, சர்வதேச சிவில் விமானச் சேவைகள் பற்றிய சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அத்தகைய விபத்தை இனித் தடுப்பதே, பழியைப் பங்கிடுவதன்று என விதித்துள்ளது. விமானத்துக்குப் பொருந்துவது ஒரு வன்தட்டுக்குப் பொருந்தாதா?

‘யார்?’ என்பதை விட்டு ‘ஏன்?’ என்று கேட்டபொழுதுதான் விரல்கள் எம் பக்கம் திரும்பின. கம்பி ஏன் நடைவழியிற் கிடந்தது? வேறு இடத்தில் மின்முனை வைக்கப் பணம் ஒதுக்க நாம் மறுத்ததால். வன்தட்டு ஏன் மேசை விளிம்பில் இருந்தது? மேசை சிறிது. ஏன் ஒரே படி இருந்தது? மற்றொரு வன்தட்டு வாங்கும் செலவைக் கணக்காய்வின்போது வீண்செலவென வெட்டியவர்கள் நாமே. மூலத்தாள்கள் எங்கே? அதனை முன்னரே சொல்லிவிட்டோம். பிள்ளையின் கால் தடுக்கியது இவை எல்லாவற்றுக்கும் கடைசியில் நிகழ்ந்தது.

இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. 2023 ஓகஸ்ற் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் முகிற் கணினித் தொகுதியைப் பணயம் கேட்கும் தீய நிரலொன்று தாக்கியபொழுது, அரச அலுவலகங்களின் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்கு வேறிடத்தில் வைக்கப்பட்ட படி இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் போயின. அஃது தீவினை, எம்முடையது அசட்டை. இரண்டையும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆயினும் வேறொரு படி இருந்திருப்பின் இரண்டிடத்தும் இழப்புக் குறைந்திருக்கும்.

இப்பொழுது மூன்று படிகள் உள. ஒன்று அலுவலகத்தில், ஒன்று கடலுக்கு எட்டத்தில் அம்பாறை நகரில் வதியும் அன்பர் ஒருவரின் வீட்டில், மூன்றாவது படியை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு அளிக்க எண்ணியுள்ளோம். மாதமொரு முறை அவற்றைத் திறந்து சரிபார்ப்பவன் அந்த மாணவனே. வன்தட்டின் அருகே நாற்பது பக்கக் கொப்பியொன்று தொங்குகின்றது. விழுந்தது, தட்டுப்பட்டது, மெதுவானது, எதுவாயினும் அன்றே அதில் எழுத வேண்டும். எழுதுவோர் பெயரிட வேண்டியதில்லை. இதுவரை நான்கு குறிப்புகள் ஏறியுள்ளன. அவற்றுள் ஒன்று எம் கையெழுத்து.

மீளாதவற்றுள் 1960களின் சேர்வுப் பதிவேட்டுப் பக்கங்களும், இரு ஆண்டு மலர்களும், 1978 சூறாவளிக்கு முந்திய விளையாட்டுக் குழுப் படங்களும் அடங்கும். அக்காலத்துப் படமோ, தேர்ச்சி அறிக்கையோ, மலரின் கிழிந்த ஏடோ வீட்டில் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் அவற்றை ஒரு நாளைக்கு இரவலாகத் தந்துதவ வேண்டுகின்றோம். படியெடுத்ததும் மூலத்தை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்போம், எரிக்க மாட்டோம்.