மூளையை நிறுக்கும் தராசு யார் கையில்?

"உன் பிள்ளைக்கு மண்டையில் எதுவும் ஏறாது. வீணாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. வேலைக்குப் போனால் வீட்டுக்கு நாலு காசு ஆகும்." இந்த உபதேசத்தைக் கேட்காத உழைப்பாளித் தாய் தகப்பன் உண்டா? பண்ணையார் இதைச் சொன்னால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஆனால் படித்த ஒருவர், காகிதத்தில் ஓர் எண்ணைப் போட்டு, மனோதத்துவம் என்று பெயரும் வைத்து இதையே சொன்னால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம். எண்ணின் மேல் நமக்கு அவ்வளவு மரியாதை!

அந்த எண் பிறந்த கதையை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1904-ம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் ஒரு குழுவை அமைத்தது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனிக் கவனிப்புக் கொடுப்பது எப்படி என்பதே அதன் வேலை. அதற்காக ஆல்பிரட் பினே என்ற அறிஞர், சிமோன் என்ற டாக்டரோடு சேர்ந்து 1905-ல் 30 சோதனைகளைத் தயாரித்தார். பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கி விடுவதுதான் அவருடைய நோக்கம். புத்தி பிறவியிலேயே அளந்து ஊற்றப்பட்டது, அது கூடாது, குறையாது என்று பேசியவர்களை 1909-ல் எழுதிய நூலில் அவரே கண்டித்தார். 1911-ல் பினே காலமானார். அதற்குப் பிறகு, வைத்தியர் கையிலிருந்த கத்தி வழிப்பறிக்காரன் கைக்குப் போயிற்று.

கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வருவோம். 1913-ல் லண்டன் கவுண்டி கவுன்சில், பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க சிரில் பர்ட் என்பவரை நியமித்தது. அந்த நாட்டில் இத்தகைய உத்தியோகம் பெற்ற முதல் மனோதத்துவ நிபுணர் இவர்தான். பின்னர் பேராசிரியர் ஆனார். 1946-ல் 'சர்' பட்டமும் கிடைத்தது. புத்தி பெரும்பாலும் பிறவிச் சொத்து, அதைச் சிறு வயதிலேயே அளந்துவிடலாம் என்பது அவர் வாழ்நாள் முழுதும் செய்த பிரசாரம். சர்க்காரின் கல்விக் குழுக்களுக்கு ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கொள்கை பரவிய தேசத்தில் என்ன நடந்தது? 1944-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின், 11 வயதுக் குழந்தைக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறியவன் 'கிராமர்' பள்ளிக்குப் போய், அங்கிருந்து சர்வகலாசாலைக்கும் உத்தியோகத்துக்கும் போவான். தேறாதவர்களில் பெரும்பாலோர் 'மாடர்ன்' பள்ளிக்குப் போய், 15 வயதில் வெளியேறி ஆலைக்கும் கடைக்கும் போவார்கள். 4 பேரில் ஒருவருக்கோ, 5 பேரில் ஒருவருக்கோதான் கிராமர் பள்ளியில் இடம். அந்தக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். வேல்ஸ் பகுதியில் இடம் அதிகம். ஆகவே ஒரு ஜில்லாவில் 'புத்திசாலி'யான பிள்ளை, அடுத்த ஜில்லாவில் பிறந்திருந்தால் 'மந்தம்'! பிறவிப் புத்தி பெஞ்சுகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கூடவும் குறையவும் செய்யுமா?

சர் சிரில் பர்ட் தம் கொள்கைக்கு என்ன அத்தாட்சி காட்டினார்? ஒரே கருவில் பிறந்து, பிரிக்கப்பட்டு, வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களின் கணக்கு. அவர்களின் புத்தி எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கு ஓர் எண் கொடுத்தார். 1955-ல் 21 ஜோடிகள்: எண் 0.771. 1958-ல் 30 ஜோடிகளுக்கு மேல்: 0.771. 1966-ல் 53 ஜோடிகள்: அப்போதும் 0.771! பஞ்சு மூட்டை மூன்று முறை மாறியும் தராசு முள் ஒரு மயிரிழை அசையவில்லை என்றால், மில் தொழிலாளி என்ன செய்வான்? முதலாளியின் கை தட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். எத்தனையோ பண்டிதர்கள் குனிந்து பார்க்கவே இல்லை.

1971-ல் பர்ட் இறந்தார். 1974-ல் லியோன் காமின் என்ற அமெரிக்க அறிஞர் இந்த எண்களைப் பிடித்து உலுக்கினார். பர்ட்டுக்குத் துணை நின்றதாகச் சொல்லப்பட்ட இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்களைத் தேடியும் காணவில்லை என்று 1976-ல் ஒரு லண்டன் பத்திரிகை எழுதியது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹெர்ன்ஷாவே, 1979-ல் கணக்கு புரட்டுதான் என்ற முடிவுக்கு வந்தார். பின்னாளில் சிலர் பர்ட்டுக்கு வக்காலத்து வாங்கிப் புத்தகம் எழுதினார்கள். ஆனால் இந்த எண்களுக்கு அவர்களால் உயிர் கொடுக்க முடியவில்லை. 1965-ல் பிரிட்டிஷ் சர்க்கார் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளிகளை நோக்கித் திரும்பிற்று. ஆனாலும் கென்ட் போன்ற ஜில்லாக்களில் அந்தப் பரீட்சை இன்றும் சாகவில்லை.

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1953-ல் ராஜாஜி சர்க்கார், கிராமத்துப் பிள்ளைக்கு அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டதே, மறந்துவிட்டதா? லண்டனில் பிறவிப் புத்தி. இங்கே பிறவித் தொழில். மக்கள் எதிர்த்தார்கள், 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது குழிக்குள் போயிற்று. 2019-ல் வேறு வேஷத்தில் வந்தது: 5-ம் வகுப்புக்கும் 8-ம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று தமிழக சர்க்கார் உத்தரவு போட்டது. எதிர்ப்புக் கிளம்பவே 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கிற்று. 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் புதிய விதிகளை வெளியிட்டது. 5, 8 வகுப்புகளில் தேறாத குழந்தைக்கு 2 மாதத்தில் மறு பரீட்சை. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் உட்கார வைக்கலாம். தமிழக சர்க்கார் இதை ஏற்க மறுத்தது. மறுத்தது சரி. ஆனால் பல மாநிலங்களில் வாசல் திறந்தே கிடக்கிறது.

"பயம் இருந்தால்தான் படிப்பான்" என்கிறார்கள் இந்தக் கனவான்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை தவறினால் டியூஷன் வைப்பார்கள். கூலிக்காரன் பிள்ளை தவறினால் செங்கல் சூளைக்குப் போவான். ஒரே பரீட்சை, தண்டனை மட்டும் இரண்டு! அதற்காக, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமலே வகுப்பு மாற்றி அனுப்புவதை நாம் ஆதரிக்கவில்லை. அதுவும் துரோகம்தான்.

அப்படியானால் பள்ளியில் மனோதத்துவமே வேண்டாமா? வேண்டும்! சோவியத் நாட்டு அறிஞர் வைகோட்ஸ்கி ஓர் உதாரணம் சொன்னார். இரண்டு பிள்ளைகள். தனியாக விட்டால் இருவரும் 8 வயதுப் பிள்ளைக்குரிய கணக்குகளைத்தான் போடுகிறார்கள். உபாத்தியாயர் கொஞ்சம் வழி காட்டினால் ஒருவன் 9 வயதுக் கணக்குவரை போகிறான், மற்றவன் 12 வயதுக் கணக்கையே போட்டுவிடுகிறான். இன்றைக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் அளந்தால் இந்த வித்தியாசம் தெரியுமா? உதவி கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்! அவர் 1934-ல், 37 வயதில் காச நோயால் இறந்தார். 1936-ல் சோவியத் கட்சி இந்தச் சோதனைகளுக்குத் தடை போட்டது. அந்த வீச்சில் வைகோட்ஸ்கியின் எழுத்தையும் சேர்த்து மூலையில் போட்டதும், 1956 வரை அது அங்கேயே கிடந்ததும் நியாயமல்ல என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிள்ளை ஏன் பாடம் கேட்கவில்லை? கரும்பலகை தெரியாத பிள்ளையை 'கவனமில்லாதவன்' என்கிறோம். காது சரியாகக் கேளாத பிள்ளையை 'திமிர் பிடித்தவன்' என்கிறோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்த சோகை. ரத்தமில்லாத பிள்ளை வகுப்பில் தூங்கி விழாமல் என்ன செய்யும்? இரவெல்லாம் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் உள்ள வீட்டுப் பிள்ளை, காலையில் பக்கத்துப் பிள்ளையை அடித்தால் அதை 'முரட்டுச் சுபாவம்' என்று எழுதி வைத்தால் போதுமா? இதையெல்லாம் விசாரித்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள்தான் பள்ளி மனோதத்துவ நிபுணர். பணக்காரர் பள்ளிகள் சம்பளம் கொடுத்து அவரை வைத்துக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு உபாத்தியாயர் இரண்டு வகுப்பைக் கட்டி மேய்க்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருவதற்கல்ல அந்த நாற்காலி! அடுத்த கூட்டத்துக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டாவது போங்கள். 'மக்கு' என்று பெயர் வாங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் கண் சோதித்தார்களா, காது சோதித்தார்களா, ரத்தம் பார்த்தார்களா, தனியாக உட்கார வைத்து யார் எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றியத்துக்கு ஒரு மனோதத்துவ நிபுணரையாவது நிரந்தரச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நகலில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.