எலும்போடு ஒட்டும் கண்ணாடி

உடைந்த கண்ணாடி ஒட்டாது என்பார்கள். ஆனால் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒன்று உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1967-இல் அமெரிக்கப் பேராசிரியர் லாரி ஹென்ச் ஒரு பேருந்தில் சென்றுகொண்டிருந்தார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவர், உடல் வெறுத்துத் தள்ளாத பொருளை உங்களால் ஆக்க முடியாதா என்று அவரைக் கேட்டாராம். 1969-இல் விடை பிறந்தது. எடையில் நூற்றுக்கு 45 பங்கு சிலிக்கா. சோடியம் ஆக்சைடு, கால்சியம் ஆக்சைடு ஒவ்வொன்றும் 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. எலியின் தொடை எலும்பில் பதித்த துண்டை ஆறு வாரம் கழித்துப் பெயர்க்க முயன்றார்கள், வரவில்லை!

உடல்நீர் பட்டதும் இக்கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேறுகிறது. மேற்பரப்பில் சிலிக்காக் கூழ் உண்டாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து எலும்பின் தாதுவை ஒத்த படிகமாகின்றன. எலும்பு அதை அயலாக எண்ணுவதில்லை. ஈறு நோயால் கரைந்த தாடை எலும்பின் பள்ளத்தை நிரப்பவும், பற்கூச்சம் தீர்க்கும் பசையிலும் இது பயன்படுகிறது. எளிதில் நொறுங்குவதால் உடற்பாரம் தாங்கும் இடத்திற்குத் தனித்து உதவாது என்பதையும் மறைக்கலாகாது.

மணல், சோடா, சுண்ணாம்பு, பாஸ்பேட் — இவற்றில் எது நம் நாட்டில் இல்லை? தாராவி கும்பார்வாடாவில் குயவரின் சூளையைக் கண்டிருப்பீர்கள். மண்ணுக்கு விலை ஏது? கைத்திறனுக்கே விலை. இங்கும் தூய்மைக்கும் சோதனைக்கும் அறிவுக்குமே விலை. கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உழைக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையம் எலும்புத் தாதுவோடு இக்கண்ணாடியைக் கலந்து எலும்பு நிரப்பியே செய்திருக்கிறது. ஆகவே நம்மால் ஆகாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றால் போதுமா? தாராவியில் நானறிந்த தோல் தொழிலாளி ஒருவர், ஆடிய பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். காக்கவும் வழி இருக்கலாம் என்று அவருக்குத் தமிழில் சொன்னவர் ஒருவருமில்லை. அந்தப் பழி படித்த நம்மையே சாரும்.

நண்பர்களே! மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பட்டிமன்றம் நடத்துகிறோம். தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். நல்லதே. அவற்றில் ஒன்றைக் குறைத்து, பல் மருத்துவம் பயிலும் தோழர்களைத் தாராவிக்கு அழைத்துச் சென்று, ஒரு மாலைப்பொழுது எளிய தமிழில் பேசவைப்போம். தமிழ் வாழ அதுவும் ஒரு வழி.