கீறல் விழாத கப்பல்

பாரமவுண்ட் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

1995 ஜனவரியில் 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடங்கியபோது அதன் கதைக்கருவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு விண்கப்பல் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரத்துக்குத் தூக்கியெறியப்படுகிறது. முழு வேகத்தில் வந்தாலும் வீடு சேர 75 ஆண்டு. ஸ்டார்ஃப்ளீட் விண்படை அதிகாரிகளும் அவர்கள் பிடிக்கப்போன மாக்கி கலகக்காரர்களும் இனி ஒரே கப்பலில்.

முதல் பருவத்தில் ஒரு கணக்கும் சொன்னார்கள்: கையிருப்பு 38 டார்பிடோக்கள், தீர்ந்தால் வேறு கிடையாது. ரசிகர்கள் எண்ணத் தொடங்கினார்கள். 38ஐத் தாண்டியும் கப்பல் சுட்டுக்கொண்டேயிருந்தது; ஆயுதக் கிடங்கு மணிமேகலையின் அமுதசுரபி போலும்! கலகக்காரர்களோ முதல் கதை முடிவதற்குள் சீருடை மாட்டிக்கொண்டார்கள். பகை அதோடு பெரும்பாலும் சரி.

1997இல் வந்த 'இயர் ஆஃப் ஹெல்' இரண்டு பகுதிகளில் கப்பல் தளம் தளமாகச் சிதைந்தது, பாதுகாப்பு அதிகாரி டூவாக் பார்வை இழந்தார். ஏழு ஆண்டும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைசியில் காலம் பின்னோக்கிச் சுழன்றது. எவருக்கும் எதுவும் நினைவில்லை, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. எந்தப் பகுதியை எந்த வாரம் மறுஒளிபரப்பினாலும் விளங்க வேண்டும் என்ற வியாபாரம் எனக்கும் புரிகிறது. அதற்குக் கதையையே விலையாகக் கொடுத்துவிட்டீர்கள்.

வாயேஜரின் ஆறாம் பருவத்தில் எழுத வந்த ரொனால்ட் டி. மூர் சீக்கிரமே விலகினார். பிறகு வேறு நிறுவனத்துக்காக அவர் மறுஉருவாக்கம் செய்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'விலும் வீடிழந்த கப்பல்கள்தான். அங்கே உயிரோடிருப்போர் எண்ணிக்கையை அதிபர் வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பார். ஆள் செத்தால் எண் குறையும்.

வாயேஜரில் உண்மையாக வளர்ந்தவர்கள் ஹோலோகிராம் டாக்டரும், போர்க் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்ட செவன் ஆஃப் நைனும்தான். இன்றும் ரசிகர்கள் அவர்களைப் பற்றியே பேசுவதில் வியப்பில்லை. 2001 மே மாதத்தில், 172 பகுதிகளுக்குப் பிறகு, பூமி கண்ணில் பட்டதும் தொடர் முடிந்தது. தரையிறங்குவதைக்கூடக் காட்டவில்லை!

அடுத்த விண்வெளித் தொடருக்கு ஒப்புதல் தருமுன் எழுத்தாளர்களிடம் ஒன்று கேளுங்கள்: முதல் பகுதியில் உடைந்த கதவு பத்தாம் பகுதியில் எப்படியிருக்கும்? பதில் வராவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்