சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் முன்னோர் வாக்கு. பால் மாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறில்லை. பாலின் தரத்தைச் சங்கத்தில் அளக்கிறோம். அந்தத் தரம் பிறக்கும் தீவனத் தொட்டியை எட்டிப் பார்க்கிறோமா? இல்லை என்பதே என் கருத்து.

தென்னேரி ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். நெல் உள்ள இடத்தில் வைக்கோல் உண்டு. வைக்கோல் உள்ள வீட்டில் பசுவும் உண்டு. நெல், அறுவடைக்கு அறுவடைதான் பணம் தரும். இடையில் அடுப்பு எரிவது பால் பணத்தில். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணமும் அந்தப் பாலில் வந்ததே. ஆகவே இப்பொருள் எனக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

பாலுக்கு விலை, கொழுப்பையும் கொழுப்பு அல்லாத திடப்பொருளையும் பார்த்தே கிடைக்கிறது. "டேய், பருத்திக்கொட்டை வைத்தால் கொழுப்பு ஏறுமா? நீ படிக்கிறாயே, சொல்" என்று என் தாய் ஒருநாள் கேட்டார். அக்கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

பசு தின்னும் வைக்கோலையும் புல்லையும் அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலிலுள்ள கொழுப்பில் ஏறக்குறையப் பாதி இதிலிருந்து மடியிலேயே உருவாகிறது. மறுபாதி, தீவனக் கொழுப்பிலிருந்தும் உடற்கொழுப்பிலிருந்தும் இரத்தம் வழியாக வருகிறது. எனவே எண்ணெய் வித்து உதவும் என்பது மெய். ஆனால் நார்த்தீவனத்தைக் குறைத்துவிட்டு எண்ணெய் வித்தைக் கூட்டுவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா? தீவனத்தின் உலர்பொருளில் மொத்தக் கொழுப்பு 6 அல்லது 7 விழுக்காட்டைத் தாண்டினால், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நலிவடைகின்றன. பாலில் கொழுப்பு ஏறுவதற்குப் பதில் இறங்கவும் கூடும். நாளொன்றுக்கு 12 கிலோ உலர்பொருள் தின்னும் கலப்பினப் பசுவுக்கு, 6 விழுக்காடு என்பது 720 கிராம். வைக்கோலிலும் பசும்புல்லிலும் தவிட்டிலும் உள்ளதைக் கழித்தால் மீதி சிறிதே. பருத்திக்கொட்டையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். இரண்டு கிலோவில் 400 கிராம் போய்விடும். அதுவே எல்லை என்க.

அயல்நாட்டார் இதை ஆட்டிடமும் ஆராய்ந்துள்ளனர். பிரான்சில் லக்கோன் என்னும் செம்மறியைக் கறந்து ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். செம்மறிப் பாலில் கொழுப்பு 6, 7 விழுக்காடு உண்டு. ஆளி விதை போன்ற எண்ணெய் வித்துக்களைத் தின்ற ஆட்டின் பாலில் உடலுக்கு நலம் தரும் கொழுப்பு அமிலங்கள் கூடுகின்றன என்று கண்டிருக்கிறார்கள். நம் பகுதியின் சென்னைச் சிவப்பு ஆட்டை இறைச்சிக்கே வளர்க்கிறோம், கறப்பதில்லை. ஆயினும் பாடம் ஒன்றே: தீவனம் மாறினால் பால் மாறும்.

நல்லது மட்டுமா பாலில் இறங்கும்? இங்கேதான் என் கவலை. 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. காரணம், பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அந்தப் பூஞ்சை நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். பசு அதைத் தின்றால் அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வரும், காய்ச்சினாலும் அழியாது. நம் நாட்டுச் சட்டம் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் வரையே அதை அனுமதிக்கிறது. லாக்டோமீட்டர் அதைக் காட்டாது. கொழுப்புச் சோதனையும் காட்டாது. நல்ல விலை பெற்ற பாலிலும் அது ஒளிந்திருக்கலாம். அந்தப் பாலைக் குடிப்பது யார்? நம் தம்பி தங்கையரும், நகரத்துப் பச்சிளம் குழந்தைகளும்தாம்.

"எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு இதெல்லாம் விளங்குமா?" எனச் சிலர் வினவலாம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பசுவுக்கு வைக்கும் பழக்கம், எந்தக் கல்லூரியிலும் கற்றதன்று. பிண்ணாக்கை முகர்ந்தே நல்லது கெட்டது சொல்பவர் அவர்கள். ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத நஞ்சுக்குக் கருவி வேண்டும். குறை அவர்கள் அறிவில் இல்லை. கருவி அவர்கள் கைக்கு எட்டாததே குறை.

நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவன ஆய்வுக்கூடம் உள்ளது. ஒரு பசு வைத்திருப்பவர் கால் மூட்டைப் பிண்ணாக்குக்காக அங்கே போக முடியுமா? சங்கம் மொத்தமாக வாங்கி, மாதிரியை அனுப்பிச் சோதித்து உறுப்பினர்க்கு வழங்கலாம். பாலுக்குத் தரம் கேட்கும் சங்கம், தீவனத்துக்கும் தரம் கேட்பதே நீதி.

நமக்கும் பங்குண்டு, நண்பர்களே! பூஞ்சைக்கு உயிர் ஈரம். பிண்ணாக்கை நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் ஈரப்பதம் தெரிந்துவிடும். எண்ணெயின் அளவைச் சாக்ஸ்லெட் கருவி சொல்லும். இரண்டும் வேதியியல் ஆய்வகம் உள்ள எந்தக் கல்லூரிக்கும் இயலும் வேலையே. மழைக்காலத்தில் மாதம் ஒரு நாள், சுற்றுப்புறக் கிராமங்களின் பிண்ணாக்கைச் சோதித்துத் தந்தால் என்ன? மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கவும், பூஞ்சை கண்டதைத் தயங்காமல் கொட்டவும் எடுத்துச் சொன்னால் என்ன?

கறந்த பால் மடி புகாது. ஆகையால் கறப்பதற்கு முன்பே விழித்துக்கொள்வோம். பாலில் படித்தவர்கள் நாம். தொட்டியைக் காப்பது நம் கடமை.