தீனி டப்பா யார் கையில்?

சாத்தான்குளத்திலிருந்து பாபநாசம் சென்று நீராடி வந்தவர்கள் கண்டிருப்பார்கள்: பொரிப் பொட்டலத்துடன் படித்துறையில் இறங்கினாலே தாமிரபரணி மீன்கள் காலடியில் குவிந்துவிடும். அங்கே ஆள் யாரென்பது பொருட்டல்ல. வீட்டுத் தொட்டி மீனுக்கோ நாள்தோறும் ஒரே கைதான். வேளை, காலடி அதிர்வு, உருவம் ஆகிய அனைத்தையும் அது உணவோடு இணைத்துக்கொள்கிறது. நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஒருவகை மீன், பழக்கப்பட்ட மனித முகத்தின் படத்தை 44 புதிய முகங்களிடையே பெரும்பாலும் சரியாக அடையாளம் கண்டதென 2016-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இதை அன்பென்று நான் சொல்லமாட்டேன்; பசிதான். ஆயினும் நோயுற்ற முதியவருக்கு அது சிறிய செய்தியன்று. வீடு திரும்பியவரிடம், "நீங்கள் சும்மா இருங்கள்" என்று எல்லா வேலைகளையும் பிடுங்கிக்கொள்கிறோம். பிறகு அவரை எதிர்பார்த்திருக்க வீட்டில் எதுவுமே இல்லை. தீனி டப்பாவையாவது அவரிடமே விட்டுவிடுங்கள். நாளடைவில் அவருடைய சக்கர நாற்காலி நெருங்கும்போதே மீன்கள் கண்ணாடியருகே வந்து நிற்கும்.

தொட்டியைக் கழுவுவது மட்டும் உங்கள் பொறுப்பு. அந்நீரில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, கையிலுள்ள காயத்தின் வழியே நுழைந்து ஆறாத புண்ணை உண்டாக்கும். ஆகவே புண் உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் தொட்டி நீரில் கைவிடலாகாது. தீனியிட்டபின் சோப்பால் கை கழுவட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும். அதன்பின்னும் மீன்கள் பட்டினி கிடந்தவைபோல்தான் பார்க்கும், நம்பிவிடாதீர்கள்.