காஸ்ட்லி ரம் குடிச்சா லிவர் தப்பிக்குமா?

ரம் பற்றி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம். குடிக்கிறவங்க, குடிக்காதவங்க, வீட்ல குடிக்கிறவங்களை வெச்சிருக்கிறவங்க எல்லாரும் படிக்கலாம்.

கொஞ்ச நாளா ஒரு பேச்சு சுத்திக்கிட்டிருக்கு. "சீப் சரக்குதான் சார் லிவரைக் கெடுக்கும். காசு போட்டு நல்ல ரம் வாங்கி, மிக்ஸிங் இல்லாம, மெதுவா சிப் பண்ணிக் குடிச்சா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது." ரீல்ஸ்ல இது வருது. கல்யாண வீட்டு மொட்டை மாடியில வருது. ஓபியில என் டேபிளுக்கு எதிரே உட்கார்ந்து, கையில ஸ்கேன் ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டே சொல்றவங்களும் இருக்காங்க. இந்தப் பேச்சுல முதல் பாதி அரைகுறை, ரெண்டாம் பாதி முழுப் பொய்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன். நல்ல ரம், மட்டமான ரம் என்ற வித்தியாசம் நிஜமாவே இருக்கு. அது என்னன்னு தெரியாமலேயே ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து வாங்கறாங்க என்பதுதான் வேடிக்கை. அதனால அதை நானே சொல்லிடறேன்.

ரம் என்பது கரும்புச் சரக்கு. சர்க்கரை எடுத்தபிறகு மிஞ்சுற மொலாசஸைப் புளிக்க வெச்சு வடிப்பாங்க. மார்ட்டினிக் தீவு மாதிரி சில இடங்கள்ல நேரா கரும்புச்சாற்றையே புளிக்க வெச்சு வடிப்பாங்க. அந்த ஊர் ரம்முக்கு 1996ல இருந்து பிரெஞ்சு அரசோட கறாரான தரச் சான்று இருக்கு. ஜமைக்கா, பார்படோஸ் மாதிரி ஊர்கள்ல பழைய செப்புப் பானையில வடிச்சு, ஓக் பீப்பாயில வருஷக்கணக்கா வைப்பாங்க. கரீபியன் வெயில்ல பீப்பாயில இருந்து வருஷா வருஷம் நிறைய ஆவியாப் போயிடும். ஸ்காட்லாந்துக் குளிர்ல அவ்வளவு போகாது. அதனால அங்க 12 வருஷம் வெச்ச ரம் விலை ஏறுறதுல நியாயம் இருக்கு.

நம்ம ஊர் மலிவு ரம் பெரும்பாலும் வேற கதை. மொலாசஸ்ல இருந்து வாசனையே இல்லாத அளவுக்குச் சுத்தமா வடிச்ச ஸ்பிரிட், அதுல கேரமல் கலர், கொஞ்சம் ஃபிளேவர். கருப்பா இருக்கிறதால பழசுன்னு நினைக்கிறோம். கலருக்கும் வயசுக்கும் சம்பந்தம் இல்லை. பீப்பாயில வருஷக்கணக்கா வெச்ச ரம்மைக் கரியில வடிகட்டித் தண்ணி மாதிரி வெள்ளையாக்கியும் விற்கிறாங்க.

அடுத்து பாட்டில் மேல இருக்கிற நம்பர். ஐரோப்பாவில ரம் பாட்டில்ல வயசு போட்டா, கலந்ததுல ரொம்ப இளசான ரம்மோட வயசைத்தான் போடணும். ஜமைக்காவோட ஆப்பிள்டன் 12ன்னு போட்டா உள்ள இருக்கிற எதுவும் 12 வருஷத்துக்குக் குறைஞ்சது இல்லை. குவாத்தமாலாவோட ஸகாபா 23 அப்படி இல்லை. அது 6 வருஷத்துல இருந்து 23 வருஷம் வரைக்குமான ரம்களைக் கலந்தது, அவங்களே அப்படித்தான் சொல்றாங்க. ஆனா வாங்குற நம்மாளு "இருபத்து மூணு வருஷம் மச்சி"ன்னுதான் ஊத்துவான். டிரிபிள் எக்ஸ், எக்ஸ்ஓ, ரிசர்வ், பிரீமியம் இந்த வார்த்தைகளுக்கு ரம் உலகத்துல பொதுவான சட்ட அர்த்தம் எதுவும் கிடையாது.

இன்னொண்ணு சர்க்கரை. "எவ்ளோ ஸ்மூத்தா இறங்குது பாரேன்"னு சொல்றீங்களே, அதுல பாதி பீப்பாயோட வேலை இல்லை, பின்னாடி கலந்த இனிப்போட வேலை. ஐரோப்பியச் சட்டமே லிட்டருக்கு 20 கிராம் வரைக்கும் இனிப்பு சேர்க்க அனுமதிக்குது. பார்படோஸ் ஃபோர்ஸ்கொயர் டிஸ்டில்லரியோட ரிச்சர்ட் சீல் இதை எதிர்த்து வருஷக்கணக்கா சண்டை போடுறார். சர்க்கரை சேர்த்தா அடர்த்தி கூடும். அதனால ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டா, லேபிள்ல போட்ட ஆல்கஹால் அளவைவிடக் கம்மியா காட்டும். நாங்க யூரின்ல அடர்த்தி பார்க்கிற அதே டெக்னிக்தான். ரம் ரசிகர்கள் இதை வெச்சுத்தான் எந்த கம்பெனி இனிப்பு கலக்குதுன்னு வீட்லயே கண்டுபிடிச்சாங்க. இந்த விஷயத்துல அவங்களைப் பாராட்டுறேன்.

ஆக, நல்ல ரம்னு எதைச் சொல்லலாம்? எங்க, எதுல இருந்து, எப்படி வடிச்சாங்கன்னு பாட்டில்லயே எழுதியிருக்கணும். வயசு குறைந்தபட்ச வயசா இருக்கணும். இனிப்பு சேர்க்காம இருக்கணும். அவ்வளவுதான். இதெல்லாம் நாக்குக்கும், உங்க காசை ஏமாத்தாம இருக்கிறதுக்கும். லிவருக்கு இதுல ஒரு வரிகூட இல்லை.

இப்ப கணக்குக்கு வருவோம். நம்ம ஊர் ரம் 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜ்ல சுத்த ஆல்கஹால் சுமார் 20 கிராம். ஒரு குவாட்டர்ல 60 கிராம். லிவர் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். அதுக்கு பார்படோஸ் பானையும் தெரியாது, டாஸ்மாக் குவாட்டரும் தெரியாது. ரெண்டுல இருந்தும் வர்றது எத்தனால். லிவர் அதை அசிட்டால்டிஹைடா மாத்தும். டிஎன்ஏவைக் கெடுக்கிற நச்சு அதுதான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1988லயே மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிப் பட்டியல்ல சேர்த்தாச்சு. வாய், தொண்டை, உணவுக்குழாய், லிவர், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம், உடம்புக்குப் பாதுகாப்பான மது அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு தெளிவா சொல்லிடுச்சு. பிராண்ட் வாரியா விதிவிலக்கு எதுவும் தரலை.

இதுல இன்னொரு கூத்து. ரசிகர்கள் தேடுற உசத்தியான ரம்கள்ல பல, தண்ணி கலக்காம பீப்பாய்ல இருந்தபடியே பாட்டில் ஆகும். 60 சதவீதம் எல்லாம் சாதாரணம். ஜமைக்காவோட பிரபலமான வெள்ளை ஓவர்ப்ரூஃப் 63 சதவீதம். அதுல ஒரு லார்ஜ்னா 30 கிராம் ஆல்கஹால். குவாட்டர்ல பாதியை ஒரே கிளாஸ்ல முடிச்சாச்சு. ஆனா "நான் ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்"னு சொல்வீங்க. எண்ணிக்கை கேட்டா ஒண்ணுன்னுதான் வரும். அதனால நான் இப்பல்லாம் கிளாஸ் எத்தனைன்னு கேட்கிறதில்லை, பாட்டில் எத்தனை நாள்ல தீருதுன்னு கேட்கிறேன்.

சிப் பண்றதுக்கு ஒரு நல்லது உண்டு. மடமடன்னு அடிக்கிறதைவிட ரத்தத்துல ஆல்கஹால் மெதுவா ஏறும். விழுந்து மண்டை உடையுறது குறையலாம். ஆனா மொத்தம் உள்ள போன கிராம் அதேதான், லிவர் அந்த மொத்தத்தைத்தான் பார்க்கும். வாய்க்கு இது இன்னும் மோசம். தண்ணி கலக்காத சரக்கை நாக்குல உருட்டி உருட்டி வைக்கும்போது வாயில இருக்கிற பாக்டீரியாவே அதை அசிட்டால்டிஹைடா மாத்தும். கூடவே சிகரெட், ஹான்ஸ்னு போனா வாய்ப் புற்றுநோய் அபாயம் கூட்டல்ல ஏறாது, பெருக்கல்ல ஏறும்.

"மிலிட்டரி சரக்கு சார், ப்யூர்." இது நம்ம மாவட்டங்களுக்கே உரிய தனி மதம். ரிட்டயர்டு சுபேதார் மாமா கேன்டீன்ல வாங்கிக் கொடுத்த ரம்னா அதுல தீங்கே இல்லைன்னு ஒரு நம்பிக்கை. வரி குறைவு, விலை குறைவு, போலி வர்ற வாய்ப்பும் கம்மி. சரி. அதுல இருக்கிற எத்தனாலும் சீருடை போட்ட எத்தனால் இல்லையே அண்ணே. குளிருக்கு ரம் நல்லதுன்னு சொல்றதும் இதே வழியில வந்ததுதான். தோல் ரத்தக்குழாய் விரியுறதால சூடா இருக்கிற மாதிரி தோணும், உள் உடம்போட சூடு வெளிய போயிட்டிருக்கும். சளி பிடிச்ச குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கிற பாட்டிமார்களே, தயவுசெய்து வேண்டாம். குழந்தைக்கு ரத்த சர்க்கரை இறங்கி வலிப்பு வரும்.

எனக்கு நிஜமா கோபம் வர்ற இடம் இனிமேதான். கவர்மென்ட் ஆஸ்பத்திரி வார்டுல வயித்துல நீர் கோத்து, கண்ணு மஞ்சளா, ரத்த வாந்தி எடுத்து வர்றவர் பெரும்பாலும் லோடுமேன், கொத்தனார், ஆட்டோ ஓட்டுறவர். உடனே "பார்த்தியா, சீப் சரக்கு குடிச்சா இப்படித்தான்"னு முடிவு பண்ணிடறாங்க. ஒரே அளவு குடிச்சாலும் ஏழைங்களுக்குப் பாதிப்பு அதிகமா வர்றது பல நாடுகள்ல பார்த்த விஷயம். காரணம் சரக்கோட பிராண்ட் இல்லை. வெறும் வயித்துல குடி, சத்தில்லாத சாப்பாடு, கூடவே பீடி, வேலை போயிடும்னு ஆஸ்பத்திரிக்கு லேட்டா வர்றது. காசு இருக்கிறவருக்கு வருஷா வருஷம் மாஸ்டர் செக்கப்ல ஃபேட்டி லிவர் கிரேடு ஒண்ணுலயே தெரிஞ்சிடும். சிரோசிஸ் ஆனா கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில தனி ரூம் கிடைக்கும், யாரும் பார்க்க மாட்டாங்க. அவங்க வீட்ல அதை "ஜாண்டிஸ்"னு சொல்லிப்பாங்க. தன் வசதியால கிடைச்ச பாதுகாப்பை தன் ரம் கொடுத்ததுன்னு நம்பறதும், அதையே ஊருக்கு அட்வைஸா சொல்றதும் அயோக்கியத்தனம். குவாட்டர் அடிக்கிறவன் குடிகாரன், டியூலிப் கிளாஸ்ல மோந்து பார்த்துக் குடிக்கிறவர் ரசிகர். எல்எஃப்டி ரிப்போர்ட்ல அந்த காலம் கிடையாது.

தரம் உயிர் காக்கிற இடம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அது மெத்தனால். 2023 மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி, 60 பேருக்கு மேல செத்தாங்க. மெத்தனால் உடம்புல ஃபார்மிக் ஆசிட் ஆகும், கண் நரம்பைத் தின்னும். சில ஸ்பூன் போதும் பார்வை போக. கள்ளச்சாராயம், லேபிள் ஒட்டின போலி பாட்டில், பார்டர்ல வாங்குற மலிவு சரக்கு எதையும் தொடாதீங்க. குடிச்சு சில மணி நேரமோ ஒரு நாளோ கழிச்சு பார்வை மங்கினா, வயித்து வலி, மூச்சு வாங்கினா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் உட்பட சிகிச்சை இருக்கு, நேரம்தான் முக்கியம். "வேற சரக்கு ஊத்தினா முறிஞ்சிடும்"னு வீட்ல வைத்தியம் பார்க்காதீங்க. ஆனா மெத்தனால் இல்லாததாலயே ஒரு ரம் பாதுகாப்பானதுன்னு ஆகிடாது. பாம்பு இல்லாத கிணத்துலயும் ஆள் முங்கலாம்.

சுகர் பேஷன்டுகள் "இனிப்பு சேர்க்காத ரம் குடிக்கலாமா"ன்னு கேட்கிறாங்க. அந்த 20 கிராம் கணக்குல ஒரு லார்ஜுக்கு ஒண்ணேகால் கிராம் சர்க்கரைகூட வராது. பிரச்சினை அது இல்லை. லிவர் ஆல்கஹாலை எரிக்கிறதுல மும்முரமா இருக்கும்போது புதுசா குளுக்கோஸ் தயாரிக்காது. இன்சுலினோ கிளிமெபிரைடோ போட்டுட்டு, சாப்பிடாம குடிச்சுப் படுத்தா விடியக்காலை சுகர் இறங்கும். வீட்ல போதைல தூங்குறார்னு விட்டுடுவாங்க.

கடைசியா, இதைப் படிச்சிட்டு "நாளைக்கே நிறுத்தறேன்"னு கிளம்புறவங்களுக்கு. தினமும் நிறைய குடிக்கிறவரா இருந்தா தடால்னு தனியா நிறுத்தாதீங்க. ரெண்டாவது, மூணாவது நாள்ல கை நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆளெல்லாம் தெரியுறது எல்லாம் வரும், உயிரே போகலாம். கால் உடைஞ்சு அட்மிட் ஆகி மூணாம் நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிட்டு ஓடுற பேஷன்டுகளை எல்லா ஆர்த்தோ வார்டும் பார்த்திருக்கும். "நல்ல சரக்கு மட்டும்தான் குடிப்பார் டாக்டர், அதனாலதான் சொல்லலை"ன்னு வீட்டுக்காரம்மா சொல்வாங்க. அட்மிஷன்லயே சொல்லிடுங்கம்மா. தயமின் ஊசியும் ரெண்டு மூணு மாத்திரையும் முன்னாடியே போட்டா அந்த ராத்திரியே வராது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல இதுக்கு இலவசமா பார்க்கிறாங்க. போன்லயே பேசணும்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க.